கயிறு கட்டிய ஸ்பேனர்

மகள் பானுமதி ஊர் திரும்ப வேண்டும். மூர்த்திக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான். மனைவி வச்சலா போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. கொக்கிலமேட்டு வீட்டில் அவரோடு பேசியது டி.வி. மட்டும். அதுவும் அவர் பதில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாது. அரை டம்ளர் அரிசி வடித்தால் இரண்டு வேளைக்கு வந்தது.

மனிதர் போட் மெக்கானிக். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் மற்ற ஊர்களில் படகைக் கட்டி இழுத்து வருவார்கள். கொக்கிலமேட்டில் மூர்த்தியை இன்னொரு படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அலையில் ஆடிக்கொண்டே வேலை பார்ப்பார். ஸ்பேனர்களை நைலான் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். கடலில் விழுந்த சாமானை எவன் போய் எடுப்பது? சின்ன வயதில் அந்தக் கயிறுகளுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தவள் பானு. இப்போது அவளுக்கு அமெரிக்காவில் வேலை. பூமியைச் சுற்றி வரும் பழைய தொலைநோக்கி ஒன்றைப் பழுது பார்க்கப் போகிறவர்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் கம்பெனி.

அந்தப் பழுதுபார்ப்புதான் இழுபறியில் கிடந்தது. ஆபத்து, செலவு என்று இரண்டு வருடம் முன்பு வேண்டாம் என்றார்கள். இந்த 2006-இல் மறுபடியும் பேச்சு கிளம்பியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பானுவுக்கு வேலை தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாழாய்ப்போன தொலைநோக்கிக் குழாய் கெட்டுக் கீழே விழட்டும் என்று மூர்த்தி தினமும் வேண்டிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டிக்கொண்டார். அவளுக்காக முன்னறைக்கு வெள்ளையடித்துப் புது மின்விசிறியும் மாட்டிவிட்டார்.

புதன்கிழமை காலை, படகு இன்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் நாசில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். பதினாறு வருசத்துப் பழைய சாமான். ரிப்பேர் செலவுக்கு வேற ஒண்ணே செஞ்சிடலாம்னு சில பேரு சொல்றாங்க. ஆளுங்க உயிரப் பணயம் வச்சு மேல போவணும். இது தேவையா? இதுக்காவ நான் இங்க குந்திகினு கீறேனே, நீ இன்னா சொல்ற?"

"இன்னா கெட்டுப் போச்சு?"

"பேட்டரி. அப்புறம் ஆடாம நிறுத்துற சக்கரம்."

"அதோட கண்ணு?"

"கண்ணு நல்லா கீது."

"புதுசு எப்போ வரும்?"

"எட்டு, பத்து வருசம் ஆவும். அதுவும் வேற மாதிரி."

"அப்ப இன்னாத்துக்கு யோசிக்கற? கண்ணு நல்லா கீறப்போ பேட்டரிக்காவ எவனாவது தூக்கிப் போடுவானா? பத்து வருசம் யாரு பாக்கறது? ஆளு போவட்டும். ஆனா சாமான் செஞ்சவன் கீழ இருக்கணும். பாதியில வுட்டுட்டுக் கிளம்பக் கூடாது."



"சரி நைனா," என்றாள்.

நாசிலை மாட்டி, கைக்குச் சோப்பு போடும்போதுதான் அவருக்கு உறைத்தது. வந்துவிடட்டுமா என்றல்லவா பெண் கேட்டிருக்கிறாள்! படகுக்காரனுக்குச் சொல்வது போல இன்ஜினைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டார். இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவர் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அங்கே விடியட்டும் என்று காத்திருந்து, ராத்திரி எட்டு மணிக்குச் சைக்கிளை மிதித்து மாமல்லபுரத்து பூத்துக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை. "நான் சொன்னதெல்லாம் சும்மா. நீ வந்துடும்மா."

அவர் வாயைத் திறப்பதற்குள் பானு ஆரம்பித்துவிட்டாள்.

"நைனா, நீ சொன்னத எங்க மேனேஜர்கிட்ட சொன்னேன். அப்படியே போர்டுல எழுதி வச்சிட்டாரு. காலேஜுக்கு வரலன்னு மெயில் போட்டுட்டேன். பத்து நாளா தூக்கமே இல்ல. நேத்துதான் தூங்கினேன்." சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. "ஆமா, நீ இன்னாத்துக்குக் கூப்பிட்ட?"

வந்துவிடு என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. மூர்த்தி அதை விழுங்கினார்.

"ஒண்ணுமில்ல. ஸ்பேனருக்குக் கயிறு கட்டறாங்களா?"

"அந்த வேலையே என்னுதுதான் நைனா."

"முடிச்ச நல்லா இழுத்துப் பாரு," என்றார்.

வீட்டுக்கு வந்து, முன்னறையில் புது விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து போய் அரை டம்ளர் அரிசியைக் களைந்து போட்டார்.