ஊவேயை நீக்கிய பிறகு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை இம்கேயின் புலம்பலில் பிறந்தது. ஹாம்பர்கில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் துகள் மோதல்களுக்குக் குவாண்டம் திருத்தம் கணக்கிடுபவள். நான் கதை எழுதி அவளை எரிச்சலூட்டுபவள்.

முதல் தொடக்கம்: ‘எல்பே ஆற்றின் மேல் பனி மெல்ல...’ சே, வேண்டாம். ஆறும் பனியும் அவளுக்கு என்ன உதவி செய்தன?

2.

(கணக்கென்றதும் ஓடாதீர்கள், இவ்வளவுதான்.) அவள் கணக்கில் இரண்டு பாகம். இரண்டிலும் தலா ஒரு முடிவிலி முளைக்கும். கூட்டினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு மட்டும் மிச்சம் நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆய்வேடு போச்சு, அதை நம்பிக் கிடைத்த வேலையும் போச்சு.

அதே கணக்கைச் சரிபார்க்கத் தனியாகப் போடும் சக ஆய்வாளன் டியார்க்குக்கு முடிவிலி மறைந்துவிட்டது. ஆனால் இவர்கள் வழக்கம் பொல்லாதது. ஒருவர் வழியை மற்றவர் பார்க்கக் கூடாது, கடைசி எண்ணை மட்டும் ஒப்பிடலாம். பார்த்துவிட்டால் சரிபார்ப்புக்கே மதிப்பில்லை.

எங்கள் சமையலறையில் இம்கே கெஞ்சினாள்.

“ஒரே ஒரு தடவ காட்டுடா. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல? உனக்கும் தெரியும்,” என்றான் டியார்க். “சூப் ஆறுது, குடி.”

“உன் சூப்ப நீயே கொட்டிக்க!”

3.

[இங்கே டியார்க்கைக் கல்நெஞ்சனாக எழுதியிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், அவனும் சூப்பைத் தொடவில்லை. அந்த வரிகளை வெட்டிவிட்டேன்.]

வரைவில் இன்னொரு நண்பனும் இருந்தான், ஊவே. இம்கேக்கு ஆறுதல் சொல்ல நானே கற்பனை செய்தவன். அவளைச் சிரிக்கவைக்க, அவனை வெட்டிய கூத்தைச் சொன்னேன்.

“ஊவேயத் தூக்கிட்டேன்டி. அவன் பேரையும் டியார்க் பேரையும் மாத்திப் போட்டுப் பாத்தேன், கதையில ஒண்ணுமே மாறல. ஒரே ஆளத்தான் ரெண்டு தடவ எண்ணியிருக்கேன்.”

சூப்பைச் சும்மா கிளறிக்கொண்டிருந்த அவள் கரண்டி அப்படியே நின்றது.

“ஐயையோ! குளுவான்!”

மோதலிலிருந்து வெளியே வரும் குளுவான் என்ற துகள்கள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்குமாம். இடம் மாற்றினாலும் அதே நிகழ்ச்சிதான். கணக்கின் ஒரு பாகத்தில் அவள் அதை இரண்டாக எண்ணியிருந்தாள், பாதியாக்க மறந்துபோய். (சத்தியமாக நான் துப்புக் கொடுக்கவில்லை. குளுவான் என்ற பேரையே அன்றுதான் கேட்டேன்.) டியார்க் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கணினி முடிக்கும்வரை மூவரும் நகம் கடித்தோம். முடிவிலி நின்ற இடத்தில் சுழியம் வந்தது. அப்பாடா! இம்கே தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், என் சூப்பையும் சேர்த்துக் குடித்தாள்.

4.

முடிவிலி போனபின் கிடைத்த கடைசி எண் டியார்க்கின் எண்ணோடு பொருந்துமா? நாளைக் காலை ஒப்பிடுகிறார்கள். என் முடிவை எழுதிவிட்டேன், காட்டமாட்டேன். நீங்களும் தனியாக எழுதுங்கள், பிறகு ஒப்பிடுவோம். ஒரே ஒரு தடவை காட்டு என்று கெஞ்சாதீர்கள்.

சூப் ஆறுகிறது, குடியுங்கள்.