விராலிமலையிலிருந்து வந்த மிஷின்

அய்யாக்கண்ணுவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி கேட்டாள் பக்கத்து வீட்டு மூக்காயி.

"வெள்ளத் துணியா ஒரு கிழிசல் குடு செவந்தி. வெறைச்சுப் போறதுக்குள்ள கட்டணும்."

செவந்தி ஆணியில் தொங்கிய தன் பைக்குள் கைவிட்டாள். அங்கே எதற்குக் கைவிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கையோடு வந்தது ஒரு சாண் அகலத் துணி. மஞ்சளும் நீலமுமாக ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மேலே கோணல்மாணலாகப் பத்துப் பதினைந்து வரி தையல் ஓடிய துணி. அன்று காலையில்தான் விராலிமலையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து அவள் தைத்துப் பார்த்தது.

"இது என்னா புள்ள?"

"ஒண்ணுமில்லக்கா. கரித்துணி."

அதைத் திரும்பப் பைக்குள் திணித்துவிட்டு, மாமனார் அய்யாக்கண்ணுவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். கிழிபடும் சத்தம் வீட்டுக்குள் நீளமாகக் கேட்டது.

"நீ வச்சுப் பாத்த மாதிரி யாரு பாப்பா?" மூக்காயி விரல்களைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "கஞ்சி குடுக்கும்போதே போயிட்டாருன்னா அது குடுத்துவச்ச சாவுதான்."

செவந்திதான் அப்படிச் சொல்லியிருந்தாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது என்று.

மூச்சிரைப்பு வந்து இரண்டு வருடமாக அய்யாக்கண்ணு கட்டிலோடுதான் கிடந்தார். அந்த இரண்டு வருடமும் அவரைக் குளிப்பாட்டியது, மலம் அள்ளியது, மாத்திரை கொடுத்தது எல்லாம் செவந்தி. அதில் பொய் இல்லை. அவள் புருஷன் வயிரவன் புதுக்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க வீட்டில் கிழவரின் இரைப்பும் அவளும்தான். அந்தப் பகல்களில்தான் அவள் செல்போனில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினாள். அன்னவாசல் டெய்லர் கடையில் ஜாக்கெட் வெட்டிய மிச்சத்துண்டுகளை அள்ளி வந்து சதுரம் சதுரமாக நறுக்கிக் கையால் இணைத்தாள். நான்கு மாதத்தில் ஒரு தலையணை அளவுகூடத் தேறவில்லை. ஒரு தையல் மிஷின் வாங்கலாமா என்று வயிரவனிடம் கேட்டாள்.

"மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு. அவரு காதுகிட்ட கடகடன்னு மிஷின் ஓட்டப் போறியா?" என்றான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. விராலிமலையில் பிளெஸ்ஸி என்றொரு பெண் வீடு மாறிப் போவதால் தன் பழைய கால் மிஷினைக் கொடுக்கப்போவதாக டெய்லர் சொன்னபோது, வயிரவனிடம் சொல்லாமல் கிளம்பினாள்.

"செத்த இருந்துட்டுப் போ ஆத்தா. இன்னிக்கி என்னமோ மாதிரி இருக்கு" என்றார் அய்யாக்கண்ணு.

அவர் தினமும் சொல்வதுதான். "ரேஷன் கடைக்கிப் போயிட்டு இந்தா வந்துர்றேன் மாமா. கஞ்சி இங்கிட்டு மூடி வச்சிருக்கேன்" என்றாள். அவருடைய பட்டன் போனைக் கைக்கு எட்டுகிற மாதிரி தலைமாட்டில் வைத்தாள். ஒன்றை அழுத்தினால் மகன், இரண்டை அழுத்தினால் மருமகள். அவள்தான் பதிந்து கொடுத்திருந்தாள்.

பிளெஸ்ஸி வீட்டில் வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். மிஷினில் என்ன பார்த்து வாங்க வேண்டும் என்றுகூடச் செவந்திக்குத் தெரியாது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், பலகையைத் தடவிப் பார்த்தாள். பிளெஸ்ஸி சிரித்துவிட்டு, "ஒக்காந்து ஓட்டிப் பாருங்கக்கா. மூணு அடுக்குத் துணிய இழுக்குதான்னு பாத்தாத்தான தெரியும்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். முதலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. மறுபடி அறுந்தது. பிறகு ஒரு மாதிரிப் பிடிபட்டது. தையல் பாம்பு போல நெளிந்து போனதைப் பார்த்து இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒரு பஸ் போயிற்று. அடுத்ததில் போகலாம் என்று அவளே நினைத்தாள். டீ வந்தது, குடித்தாள். மறுபடி உட்கார்ந்து ஓட்டினாள். போன் இருந்த பை அடுத்த அறைக் கதவில் தொங்கியது. மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அய்யாக்கண்ணு பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தார். வாய் திறந்திருந்தது. போன் வலது கையிலேயே இருந்தது. செவந்தி தன் போனை எடுத்துப் பார்த்தாள். மாமா, மூன்று தடவை.

முதலில் அவள் அழவில்லை. அவர் விரல்களைப் பிரித்துப் போனை எடுத்து அணைத்து, ஒட்டுத்துணி மூட்டைக்குள் ஆழமாகச் செருகினாள். அவரைத் தூக்கி நேராகப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

வயிரவன் இரண்டு மணிக்கு வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அழுது முடித்து அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா போனு எங்க?"

"தெரியலங்க. இங்கனதான் கெடந்துச்சு."

தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினான். பொழுது சாயும்போது திருப்பூரிலிருந்து அவன் தங்கை தெய்வானை வந்து சேர்ந்தாள். அவள் அழுது ஓய்ந்ததும் மறுபடி கேட்டான். அவன் கேட்கும்போதெல்லாம் செவந்தியின் கண் ஒட்டுத்துணி மூட்டைப் பக்கம் போய்த் திரும்பியது. தெரிந்துதான் கேட்கிறான் என்று நினைத்தாள்.

தெய்வானை அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "பெத்த மக நான் பக்கத்துல இல்ல அண்ணி. ஒங்க கையால ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போயிருக்காரே, அது போதும் எனக்கு."

செவந்தி கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். தெய்வானை விடவில்லை.

மறுநாள் காலை, வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால், கயிறு போட்டுக் கட்டிய மிஷின். இரும்புக் கால்கள் வெயிலில் பளபளத்தன. டிரைவர் பந்தலையும் பிரீசர் பெட்டியையும் பார்த்துத் திகைத்துப்போய் இறங்கினான். கொட்டுச் சத்தம் நின்றது.

"செவந்தின்னு... விராலிமலைலருந்து மிஷின்... நேத்து அவங்களே வந்து பாத்துட்டு, இன்னிக்கிக் கொண்டாரச் சொன்னாங்களாம்."

அனுப்ப வேண்டாம் என்று சொல்ல அவள் மறந்தே போயிருந்தாள். அத்தனை முகங்களும் திரும்பின. மூக்காயி அவளைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். தெய்வானையின் அழுகை பாதியில் நின்றது. செவந்திக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது.

"நாந்தான் சொன்னேன்." வயிரவன் முன்னால் வந்தான். "நேத்துக் காலைல ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாடான்னு நாந்தான் ஆளனுப்புனேன். அவன் செவந்தி பேரச் சொல்லியிருப்பான். அங்கிட்டு வேப்பமரத்தடில எறக்கி வைப்பா."

கொட்டு மறுபடி தொடங்கியது. அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அய்யாக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கட்டிலைப் பின்புறம் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். எல்லோரும் குழாயடிக்குத் தலை முழுகப் போன நேரத்தில் செவந்தி மூட்டைக்குள் கைவிட்டாள். போனைத் திறந்து தன் பெயரை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு.

அவள் பெயர் மேலே மூன்று தடவை இருந்தது. அதற்குக் கீழே 'மகன்' என்று இருந்தது. அதற்குக் கீழேயும் மகன். விரல் அமுக்க அமுக்க மகன், மகன், மகன். ஆறு தடவை. அதில் ஒன்றில் மட்டும் பேசிய நேரம் காட்டியது. பதினொரு நொடி.

அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மழித்த தலையும் ஈர வேட்டியுமாக வயிரவன் திரும்பி வந்தபோது அவள் போனை நீட்டினாள்.

"எங்க கெடந்துச்சு?"

"நாந்தான் எடுத்து வச்சிருந்தேன்."

அவன் வாங்கிக்கொண்டான். திறந்து பார்க்கவில்லை. "பாத்தியா?"

"ம்."

"அன்னவாசல் ஸ்டாப்புல ஏகப்பட்ட கூட்டம். டிக்கெட் போட்டுட்டுக் கூப்புடுறேன்னு..." மேலே சொல்லாமல் நிறுத்தினான். "வேற ஒண்ணும் சொல்லல அவரு. எலேய் வயிரவான்னாரு. அவ்வளவுதான்."

செவந்தி சொன்னாள். "நான் கஞ்சி குடுக்கல. வீட்லயே இல்ல."

"தெரியும். மூடி வச்ச கஞ்சி மூடுனபடியே இருந்துச்சு. தெய்வான வர்றதுக்குள்ள நாந்தான் கொண்டுபோயிக் கொட்டுனேன்."

அவன் அவளைக் கோபித்திருக்கலாம். அவளும் ஏதாவது கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் வெவ்வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே திடீரென்று தூறல் விழுந்தது. பந்தல் தகரத்தில் படபடவென்ற சத்தம். தெய்வானை முந்தானையைத் தலையில் போட்டபடி ஓடி வந்தாள்.

"அண்ணே, அந்த மிஷினு நனையுது. துருப்புடிச்சுப் போகும். உள்ள தூக்கி வைங்க."

இருவரும் போனார்கள். அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இரும்புக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாசப்படியில் இடித்து, சாய்த்து, உள்ளே கொண்டுவந்தார்கள். அடுப்படியில் இடம் இல்லை. மூலையில் செத்தவருக்கு ஏற்றிய விளக்கு எரிந்தது.

"அதான் அப்பா கட்டிலு கெடந்த எடம் காலியா இருக்குல்ல" என்றாள் தெய்வானை, ஈரத் தலையைத் துவட்டியபடி. "அங்கனயே வைங்க அண்ணி. வெளிச்சமாவும் இருக்கும்."

கட்டிலின் நான்கு கால் தடங்களுக்கு நடுவில் சிமெண்டுத் தரை மட்டும் வெளுத்திருந்தது. அதன் ஓரம் வரை வந்து இருவரும் நின்றார்கள். செவந்தி குனியவில்லை. வயிரவனும் குனியவில்லை. கை கடுத்தது. மிஷினிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே மிதிபலகை மட்டும், யாரும் மிதிக்காமலே, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.