நாலாம் படிக் கேள்வி

மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தராசு. மடியில் ஒரு தாள், அதில் சிந்தனையின் ஆறு படிகள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். ஆசிரியை கேட்கிற கேள்வி எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படிக்கு நேராக ஒரு டிக் போடுவார். நாலாம் படியிலோ அதற்கு மேலோ மூன்று டிக்காவது விழ வேண்டும்.

அறிவியல் டீச்சரின் வேலை அந்த மூன்று டிக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. தற்காலிகப் பணியை இரண்டு முறை நீட்டியாயிற்று. இனி நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பின் ஆவியாதல் பாடத்துக்கு மூன்று கேள்விகள் தேற்றியிருந்தாள். பாடக்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பகுத்தாய்தல்’ என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தாள்.

“ஒரே அளவு தண்ணியைத் தட்டுலயும் பாட்டில்லயும் ஊத்தி, ஜன்னல் ஓரமா வெச்சா…”

கேள்வி முடியவில்லை. முப்பத்தெட்டு கைகள் உயர்ந்துவிட்டன.

“தட்டுல இருக்கிறதுதான் சீக்கிரம் குறையும் டீச்சர். ஏன்னா பரப்பளவு கூடினா ஆவியாதல் கூடும்,” என்று முதல் பெஞ்சுக்காரி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

பின்னால் பேனா அசைந்தது. ஒரு டிக்.

இரண்டாவது கேள்விக்கும் அதே கதை. பெயரைக் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிற பையன் எழுந்து, ஒரு சொல் பிசகாமல் முழு வாக்கியம் சொன்னான். இரண்டு டிக். வாசலில் நின்ற தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது.

கடைசி பெஞ்சு நெட்டையன் உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் நெருங்கிக் காது கொடுத்தாள். அவள் இன்னும் கேட்காத மூன்றாவது கேள்வியின் பதில் அது.

நேற்று மதியம் சான்றிதழ் சரிபார்க்க அவள் வெளியே போயிருந்தாள். அவள் அக்கா என்று கூப்பிடுகிற பக்கத்து வகுப்பு டீச்சர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். இன்று காலையில் அக்கா, “நிம்மதியா போ. உன் பிள்ளைங்க பிரமாதமா சொல்லும், அதுக்கு நானாச்சு,” என்று முதுகில் தட்டியது இப்போதுதான் உறைத்தது. பாடக்குறிப்பு நேற்று மேசைமேல்தான் இருந்தது.

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் போதும். வேலை கையில். யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் யோசிப்பார்களா என்று பார்க்கத்தானே நான்கு நாள் உட்கார்ந்தாள்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்விகூட மிச்சம் வைக்காமல் அக்கா தின்று தீர்த்திருந்தாள்.

பாடக்குறிப்பை மூடினாள்.

“ரெண்டு கைக்குட்டை. ரெண்டும் ஒரே மாதிரி ஈரம். ஒண்ணை நல்லா விரிச்சு, பூட்டின அலமாரிக்குள்ள போடுறோம். இன்னொண்ணை நாலா மடிச்சு, காத்தடிக்கிற ஜன்னல்ல வைக்கிறோம். எது முதல்ல காயும்?”

ஒரு கையும் எழவில்லை. தலைமையாசிரியை கண்ணாலேயே ‘என்ன இது’ என்றாள்.

முதல் பெஞ்சுக்காரி தயங்கித் தயங்கி எழுந்தாள். “டீச்சர், இது நேத்து அந்த டீச்சர் சொல்லித் தரலையே.”

தராசு தலையை நிமிர்த்தினார்.

“தெரியும்மா,” என்றாள் டீச்சர் மெல்ல. “அதனாலதான் கேக்கறேன்.”

பிறகு நெட்டையன், “அலமாரியில போட்டதுதான். அதானே விரிச்சிருக்கு,” என்றான்.

“உள்ள காத்தே இல்லியேடா. ஈரம் எங்க போகும், உன் தலைக்கா?” என்றாள் ஒருத்தி.

“மடிச்சா மட்டும் நடுவுல காத்து போயிடுமா?”

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அலமாரியில் இடுக்கு இருக்குமா, கைக்குட்டை எவ்வளவு பெரிசு என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முடிவு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

தராசு தாளோடு முன்னால் வந்தார். “பதில் வரலையே?”

“இன்னும் வரலை சார்.”

“முதல் ரெண்டு கேள்வியும் நாலாம் படின்னு எழுதியிருக்கீங்க. நானும் அப்படித்தான் போட்டிருக்கேன். சரிதானே?”

தலைமையாசிரியை அவசரமாகத் தலையாட்டினாள். ‘ஆமாம் சார்’ என்கிற இரண்டு சொல்தான்; கடைசிக் கேள்வியையும் சேர்த்தால் மூன்று டிக். டீச்சர் பாடக்குறிப்பைத் தள்ளி வைத்தாள்.

“நேத்து காலையில நாலாம் படி சார். பதிலைச் சொல்லிக் கொடுத்தப்புறம் அது முதல் படிதான்.”

தராசு இரண்டு டிக்கையும் அடித்துவிட்டு முதல் படிக்கு நேராகப் போட்டார். நாலாம் படியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

“இதை வெச்சு நிரந்தரம் போட முடியாது,” என்றார். “அனுப்பவும் மனசு வரலை. இந்தத் தாளை இன்னும் ஒரு மாசம் என்கிட்டயே வெச்சுக்கறேன். அதுக்குள்ள ஒரு நாள் மறுபடியும் பாக்க வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்.”

அவர் போனதும் அக்கா ஓடி வந்தாள். “உனக்காகத்தானேடி செஞ்சேன்.”

“தெரியும்க்கா. இனிமே அவங்களுக்குப் பதிலை மட்டும் சொல்லிடாதீங்க.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். டீச்சர் உட்கார்ந்து, நாளைய பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்த, அக்கா கண்ணில் பட்டிருக்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக அடித்தாள். அடுத்த வெள்ளைத்தாளைப் புரட்டினாள். முப்பது நாளில் எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு முதல் கேள்வியை யோசிக்க ஆரம்பித்தாள்.