கோட்டிலேயே நின்ற பச்சை

அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் பம்பரம்தான். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாத பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு வாய்த்த வேலையோ, அவசரக்காரர்கள் கிட்டேயே வரக்கூடாத வேலை. இலைச்சாற்றை நுண்குழாயில் தொட்டு, தாளில் போட்ட கோட்டின் மேல் பொட்டு வைக்க வேண்டும். காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி பொட்டு. இப்படிப் பத்துத் தடவை. பிறகு தாளை ஜாடிக்குள் தொங்கவிட்டு மூட வேண்டும். ஜாடியின் அடியில் ஒரு விரற்கடை அளவு திரவம் இருக்கும். அது தாளில் ஊறி ஏறும்போது, பொட்டிலிருக்கும் நிறங்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு நிறமும் தன்னால் முடிந்த மட்டும் ஏறித் தனிப் பட்டையாக நிற்கும். அதுவரை ஜாடியை ஆட்டக்கூடாது, திறக்கக்கூடாது.

அன்றைக்கு அவள் மேசைக்கு வந்தது முப்பத்தெட்டாம் எண் கீரைப் பொடி. பொட்டலத்தில் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று போட மாட்டார்கள். ஆனால் பொட்டலத்தின் வாயை மூன்று மடிப்பு மடித்து, இரண்டு ஓரங்களையும் உள்ளே செருகியிருந்த விதம் இருக்கிறதே, அது அவள் தங்கையின் கைவேலை. பள்ளிக்கூட நாளில் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அப்படித்தான் அட்டை போடுவாள்.

உறவுக்காரர் பொருள் வந்தால் வேறு ஆளிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அந்த வேறு ஆளோ ஆடி அசைந்து நாளை மறுநாள்தான் முடிப்பார். நாளைக் காலைக்குள் சான்றிதழ் போகாவிட்டால், மருத்துவமனைச் சமையற்கூடத்துக்குக் கீரைப் பொடி கொடுக்கும் ஒப்பந்தம் தங்கையின் கையை விட்டுப் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்கொட்டகையில் இந்தத் தொழிலைத் தொடங்கி, கடைகளுக்குப் போட்டு வந்தார்கள். பம்பரம் வாயைத் திறக்கவில்லை. தானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

இரண்டு தாள்கள் வெட்டினாள். ஒன்று பொடிக்கு, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்க வாசல் செடியில் பறித்த இலைக்கு. பென்சிலைக் காணோம். கைக்கு அகப்பட்டதை எடுத்து இரண்டிலும் கோடு போட்டாள். பொட்டு வைத்தாள், ஊதி ஊதிக் காய வைத்தாள், தாளுக்கொரு ஜாடியில் இறக்கினாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கழுவிய குடுவையையே மறுபடி கழுவினாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். பொடி ஜாடியை இரண்டு தடவை திறந்தும் பார்த்துவிட்டாள்.

நேரமானதும் அந்தத் தாளை வெளியே எடுத்தாள். உச்சியில் மஞ்சள், அதன் கீழே இன்னொரு மஞ்சள், பிறகு நீலம் ஓடிய பச்சை, கடைசியில் மங்கலான பச்சை. எல்லாம் முறைப்படி இருந்தன. அடியில், கோட்டின் மேல் மட்டும், இம்மியும் நகராமல் ஒரு பச்சைத் திட்டு. இலையின் பச்சை இப்படி அடம்பிடித்து உட்காராது, ஏறிவிடும். இந்தத் திரவத்தில் ஏறத் தெரியாத பச்சை சாயப் பொட்டலத்திலிருந்து வருவது.

அடுத்த ஜாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படிக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டாள்.

"முடிஞ்சிருச்சாக்கா?"

"என்னடி பண்ணி வெச்சிருக்கீங்க? பொடியில சாயம் இருக்கு!"

"விளையாடாதக்கா."

"விளையாடற நேரமா இது? என் கண்ணால பார்த்துட்டுதான் பேசறேன்."

"அதெப்படிக்கா வரும்? உங்க இடத்துக்கு அனுப்பற பொட்டலத்துல நாங்க கலக்கறதே இல்லையே! அதை நானே தனியா காய வெச்சு, நானே அரைச்சேன். இவர்தான் டப்பாவை மாத்தி எடுத்துட்டாரோ என்னவோ. தனித்தனியா வைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"சரி, அழாத. இன்னொரு தடவை பார்க்கறேன்," என்று போனை வைத்தாள் பம்பரம். காதில் விழுந்தது அவள் மண்டையில் இன்னும் ஏறவில்லை.

திரும்பி வந்தபோதுதான் இரண்டாவது ஜாடி கண்ணில் பட்டது. வாசல் செடியின் தாளிலும் கோட்டின் மேல் அதே பச்சைத் திட்டு. செடிக்கு யார் சாயம் பூசினார்கள்? மேசையைப் பார்த்தாள். தலைமை ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோன பச்சைப் பேனா, மூடி திறந்தபடி கிடந்தது. அவசரத்தில் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் கோட்டைப் பேனாவால் போட்டிருக்கிறாள். பொட்டு வைத்த ஈரத்தில் மை கசிந்து ஊறியிருக்கிறது. முதல் நாள் வேலைக்கு வருகிறவர்கூடச் செய்யாத பிழை.

"தப்பிச்சோம்டா சாமி!" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகுதான் தங்கை பேசியது அவளுக்கு விளங்கியது. தனியாகக் காய வைத்தாளாம். தனியாக அரைத்தாளாம். அப்படியானால் மற்ற டப்பாவில் இருப்பது?

பக்கத்து அறையில் பென்சில் வாங்கி வந்து, இரண்டையும் முதலிலிருந்து செய்தாள். இரண்டு தாளும் சுத்தமாக வந்தன. 'சாயம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இருக்காது. யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நோயாளிகளின் தட்டுக்குப் போகப்போவது இந்தப் பொட்டலம் இல்லையே. எழுத எடுத்த தாளை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதற்குள் தங்கையே கூப்பிட்டுவிட்டாள்.

"என்னாச்சுக்கா?"

"தப்பு என்னுதுதான். பேனாவால கோடு போட்டுட்டேன், அந்த மைதான் ஒட்டிக்கிச்சு. உங்க பொட்டலம் சுத்தம்."

"போன உயிர் திரும்பி வந்துச்சு! பறக்காவெட்டி, நீ திருந்தவே மாட்டியா?" தங்கை சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். "அக்கா..."

"ம்."

"அப்போ பதட்டத்துல நான் என்னமோ உளறிட்டேன்."

"உளறலடி. தெளிவாத்தான் சொன்னே."

"கடைக்காரங்கதான் பச்சையா இல்லைன்னா எடுக்க மாட்டேங்கறாங்க. நீ கேக்காத மாதிரி இருந்துருக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

"கேட்டுட்டேனே," என்றாள் பம்பரம்.

போனை வைத்த சூட்டோடு தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போனாள். நின்றால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், முப்பத்தெட்டு என் தங்கச்சியோட பொடி. நான் தொட்டிருக்கவே கூடாது. வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"நீங்க பார்த்ததுல என்ன வந்தது?"

"சுத்தமா இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா?"

"இதை விட்டுட்டு, கடையில விக்கிற டப்பாவை வாங்கிட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க சார்," என்றாள் அவள். "சாயம் அதுலதான் இருக்கு."