இரண்டாவது போல்ட்

பரத் சொன்ன காரணம் ஒன்று, வந்த காரணம் வேறு. பெரிய மனிதர்களுக்கு அது வழக்கம்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் எபினேசரும் திருமலையும் கூட்டாக நடத்தும் பட்டறைக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு மினி லாரியின் முதுகில் ஏறி வந்தது. இரண்டே இருக்கை, கழற்றக்கூடிய கூரை. ஓட்டிவர வேண்டிய வண்டியை ஏன் சுமந்து வருகிறார்கள் என்று திருமலை கேட்டான். உயர்ந்த வண்டிகளை அப்படித்தான் கொண்டுவர வேண்டும் என்றார் பரத். அவருக்கு இரும்புக் கம்பி ஆலை இருக்கிறது. அது போதாதென்று ‘சோழவரம் பாரம்பரிய வேக மன்றம்’ என்று ஒன்றை நிறுவி அதற்குத் தலைவராகவும் இருக்கிறார். மன்றத்தில் உறுப்பினர் பதினான்கு பேர். அதில் பதினொருவர் டிரைவர் வைத்திருப்பவர்கள். சோழவரத்தில் நிஜமாகவே பந்தயம் ஓடிய காலத்தில் இவர்களில் பலர் நடைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரின் சொந்த எஞ்சின் எப்போதோ செத்துப்போய், சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பட்டறையில் பழைய எஸ்டீம் காரின் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது பரத்துக்கு அதில் பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்டர்களும், அவற்றை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரும் வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும், ஜிப்சி ஜீப்பில் வந்த பழைய கார்புரேட்டரை மாட்ட வேண்டும். ஊரே கார்புரேட்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போய் இருபது வருஷமாகிறது. இவர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார்.

“கம்ப்யூட்டர் வெச்ச வண்டி வெறும் கால்குலேட்டர், எபினேசர். கார்புரேட்டர்தான் மூச்சு. எனக்கு சோல் வேணும், ஆத்மா” என்றார்.

திருமலை டீ சொல்லப் போனதும் குரல் இறங்கியது. சோழவரம் ஏரி வளைவில் திரும்பும்போது காலை எடுத்தாலும் எஞ்சின் தானாகச் சீறி ஏறுகிறதாம். ஒவ்வொரு தடவையும் அதே இடம். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. திருவள்ளூர் ஜோசியர் ஒருவர், ‘இந்த எஞ்சினுக்குப் பழைய நினைவு இருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறார். நினைவு என்றால் மெமரி, மெமரி என்றால் கம்ப்யூட்டரில்தானே இருக்கும் என்று பரத் கண்டுபிடித்துவிட்டார். எம்.பி.ஏ. படித்த மூளை. கழற்றியதை எல்லாம் பட்டறையில்கூட வைத்திருக்க வேண்டாம், ஏரியில் போட்டுவிடு என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் பாரம்பரிய ஓட்டம். அதே வளைவிலிருந்துதான் கொடியசைத்துக் கிளம்புகிறார்கள்.

எபினேசருக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. போல்ட்டில்தான் நம்பிக்கை. முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பான். “நான் பொட்டு வெச்சா அது கழலாது” என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். ஆயுத பூஜையன்று திருமலை ஸ்பானர் முதல் தராசு வரை சந்தனம் குங்குமம் வைக்கும்போது எபினேசர் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு, உன் பொட்டு தண்ணி பட்டா போவும், என் பொட்டு போவாது என்று சிரிப்பான்.

கழற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை காலை தனியாகப் போனான். நெடுஞ்சாலையில் வண்டி சொன்னபடி கேட்டது. ஏரிக்கரை வளைவு வந்ததும் காலை எடுத்தான். எடுத்த பிறகு எஞ்சின் ஏறியது. பெடலுக்கு மேலே கால் சும்மா இருக்கிறது, கீழே பெடல் தானாக ஒரு அங்குலம் அமுங்கி நிற்கிறது. காலே இல்லாத ஒருவர் மிதித்தது போல. கிளட்சை அமுக்கி ஓரம் கட்டினான். பரத் ஏன் பிழைத்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. வேக மன்றத் தலைவர் முப்பதுக்கு மேல் போனதில்லை. முப்பதில் போகிறவரை எந்தப் பேயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வண்டி நின்ற இடத்துக்கு நேரே அந்தப் பலகை இருந்தது. சரிவில் தலைகீழாகக் கிடக்கும் ஒரு வெள்ளைக் கார், கீழே ‘இவர் போல் நீங்களும் ஆக வேண்டுமா? வேகம் கொல்லும்’ என்று சிவப்பில். ஓரத்தில் காரைவிடப் பெரிதாக, கைகூப்பிச் சிரிக்கும் பரத். மன்றத்தின் பொதுச் சேவை. அந்தக் கார் ரகுவுடையது. ரகு சோழவரத்துக்காரன், சிப்காட்டில் கிரேன் ஆபரேட்டர். மூன்று வருஷத்துக்கு முன் இந்த வளைவில் கார் கவிழ்ந்து செத்துப்போனான். அந்த வண்டியில் கடைசியாக வேலை பார்த்தது எபினேசர்தான். போலீஸ் கேட்டபோது, வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது சார், ஓட்டினவன்தான் என்று சொன்னான். அப்புறமும் பார்க்கிறவர்களிடமெல்லாம், மெதுவா போடான்னு படிச்சிப் படிச்சி சொன்னேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் அப்படி ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே சொன்னதாக ஆகிவிட்டது.

ரகுவின் வண்டி எஸ்டீம்.

எபினேசர் பட்டறைக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் பானெட்டைத் திறந்தான். கம்ப்யூட்டரை எடுத்தான், ஒயர்களை எடுத்தான், இன்ஜெக்டர்களை எடுத்தான். அதற்கும் கீழே, ஆக்சிலரேட்டர் கேபிளைப் பிடித்து நிறுத்தும் உள்ளங்கை அகலத் தகடு. இரண்டு போல்ட். முதல் போல்ட்டின் தலையில், மூன்று வருஷ அழுக்கைத் துடைத்ததும், அவனுடைய நகப்பூச்சுப் புள்ளி மினுங்கியது. தன் கையெழுத்தைத் தானே படிப்பது போல இருந்தது. இரண்டாவதில் நகப்பூச்சு இல்லை. தலையின் குழிவில் காய்ந்து கல்லான சந்தனம், நடுவில் மங்கிய குங்குமக் கறை. ஸ்பானர் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டே மரை பிடித்து, துருவேறி, விழவும் விழாமல் இறுகவும் இறுகாமல் மூன்று வருஷம் நின்றிருந்தது. வண்டி வளைவில் சாயும்போது தகடு முதல் போல்ட்டைச் சுற்றித் திரும்பி, கேபிளை இழுத்திருக்கிறது. சென்னைப் பட்டறைக்காரர்கள் எஞ்சினுக்கு வெள்ளிப் பூச்சு அடித்தார்களே தவிர இதைத் தொடவில்லை.

ரகுவின் வண்டி பட்டறையில் நின்ற அந்த ஆயுத பூஜை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஒரு போல்ட்டை முடுக்கிப் புள்ளி வைத்தான். இரண்டாவதை விரலால் இரண்டு சுற்று திருகும்போது பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டான். காலையில் வந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு தலையிலும் சிவப்பு இருந்தது. இரண்டும் தன் நகப்பூச்சு என்றே எடுத்துக்கொண்டான். பொட்டு வைத்தால் கழலாது, பானெட்டை மூடினான். இரண்டிலும் சந்தனம் குங்குமம் வைத்தது யார் என்பதும் நினைவிருந்தது. அந்தச் சாயங்காலம் ரகுவோடு பூஜைக்கு வந்திருந்த அவன் மனைவி அருணா. நம்ம எஞ்சினுக்கும் வெச்சிடறேண்ணே என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

திருமலை வந்து பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் வெகுநேரம் தலையைச் சொறிந்தான்.

“ஓனரே கழட்டி ஏரில கடாசச் சொல்றாரு. கர்த்தரே ஆள் அனுப்பிச்சா மாரி கீது. நீ இன்னாத்துக்கு எபி பேஜாரு பட்டுக்கினு கீற? கார்புரேட்டர மாட்டு, அனுப்பு.”

அவன் சொன்னதில் தப்பில்லை. சாட்சியை அழிப்பதையே வேலையாகக் கொடுத்து ஒருவர் வந்திருக்கிறார், அதுவும் ஆத்மாவின் பெயரால். எபினேசர் வேலையை முடித்தான். பெட்ரோல் தொட்டிக்குள் இருந்த பம்பின் அழுத்தம் கார்புரேட்டருக்கு ஆகாது, பெட்ரோல் வழிந்துவிடும் என்று அதை எடுத்துவிட்டுச் சிறிய பம்ப் வைத்தான். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினான். வெள்ளிக்கிழமை எஞ்சின் நாலு தும்மல் தும்மிவிட்டு நிதானமாக ஓடியது. வளைவில் போட்டுப் பார்த்தான், ஏறவில்லை. ஆனால் அதை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதும், பட்டப்பகலில், சாலையில் போகும் டிரெய்லர் சத்தத்துக்கெல்லாம் மேலே, ஒரு எஞ்சின் கால் வைக்காமல் ஏறுவது கேட்டது. திருமலைக்குக் கேட்கிறதா என்று பார்த்தான். அவன் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அழைப்பிதழ் வந்தது. வழவழ அட்டை. ‘வித்தகர் எபினேசருக்குப் பொன்னாடை.’ அடுத்த வரியில், ‘வேகத்தால் கணவரை இழந்த திருமதி அருணா, பலகை அருகே தீபமேற்றி எச்சரிப்பார்.’

அருணா சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ் தினமும் அந்த வளைவைக் கடந்துதான் போகும். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறு பக்கமும் மாறி உட்கார்ந்து, மூன்று வருஷமாக அந்தப் பலகையைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். இது பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும், எபினேசருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் தகட்டையும் இரண்டு போல்ட்டையும் செய்தித்தாளில் சுற்றினான். சுற்றும் முன் இரண்டாவது போல்ட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, ஊசியால் குழிவைச் சுரண்டிச் சந்தனத்தை எடுத்தான். புருஷனின் நல்ல பெயர் திரும்பக் கிடைத்தால் போதும், பொட்டுக் கதை அவளுக்கு எதற்கு என்று நினைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தப்பை முழுசாகத் தானே எடுத்துக்கொள்வதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை சோழவரம் வரைக்கும்தான் தாங்கியது.

அருணா வீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்து, பரத்தின் வண்டியில் இருப்பது ரகுவின் எஞ்சின் என்பதில் தொடங்கிச் சொன்னான். கடைசியில், “முடுக்கலம்மா. நான்தான் முடுக்காம உட்டுட்டேன். அவன் வேகமா போவல” என்றான்.

அவள் போல்ட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டுத்துக்கும் நான்தானே பொட்டு வெச்சேன்?”

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல ஓரத்துல சந்தனம் கீது. இது மட்டும் புதுசாட்டம் கீதே.” அவனை நிமிர்ந்து பார்த்து, “தொடச்சிக்கினு வந்தியாண்ணே?” என்றாள்.

சுத்தம் செய்ததுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. அருணா தகட்டை மடியில் வைத்து, அந்த போல்ட்டைத் துளையில் விட்டு விரலால் இரண்டு சுற்று திருகினாள். தகட்டை ஆட்டினாள். ஆடியது. மறுபடி ஆட்டிப் பார்த்தாள்.

“பிரேக்கு மிதிச்ச காலுதான் ஒடஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில நான் சொன்னேன். யாரும் எழுதல” என்றாள். “நாளிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லு. பொட்டு வெச்சத்த வுட்டுடு. அது என்னோடது.”

ஞாயிற்றுக்கிழமை காலை வளைவில் பந்தல், ஒலிபெருக்கி, பதினான்கு கார்கள். பரத் பந்தய வீரருக்கான தோல் கையுறை போட்டுக்கொண்டு சிவப்புக் காரில் எஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்து, மைக்கில் ஆத்மாவைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார். கார்புரேட்டர் பாவம், அதன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு வித்தகரை அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

“இந்தப் பலகையில இருக்கறவன் வேகமா போவல” என்றான் எபினேசர். “நான் ஒரு போல்ட்ட முடுக்காம அனுப்புனேன். போலீசுல வண்டி நல்லா இருந்துச்சுன்னு பொய் சொன்னேன்.”

பேச்சைக் கவனிக்காத முன்வரிசை வழக்கம்போல் கைதட்டியது. பின்வரிசை தட்டவில்லை. கைதட்டல் நடுவிலேயே வெட்கப்பட்டு நின்றது.

“தலைவரு உக்காந்துக்கினு கீற வண்டில ஓடறது அவனோட எஞ்சின்தான்.”

பரத் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார், சூடு பட்டது போல. அப்புறம் கதவைத் திறந்தார். அவர் வாழ்நாளிலேயே அதிவேகமாகச் செய்த காரியம் அந்தக் காரை விட்டு இறங்கியதுதான். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. கூட்டம் பின்வாங்கி வட்டமாக நின்றது. நடுவில் ஆளில்லாத சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அது ஏறும், சீறும், கிளம்பிப் போகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பேயில் நம்பிக்கை இல்லாத எபினேசரும் காத்திருந்தான். இனி இழுக்க அதில் தகடு இல்லை, போல்ட் இல்லை என்று தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு, நாளை ஸ்டேஷனுக்கு வா என்றார். இன்றைக்கே வருகிறேன், ஒரு வேலை இருக்கிறது என்றான். பொன்னாடையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரோடு பலகையின் கம்பத்தில் ஏறினான். நாலு போல்ட். ஒவ்வொன்றையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து எண்ணினான். கைகூப்பிச் சிரித்தபடியே பரத் முகம் குப்புறப் புல்லில் விழுந்தார்.

அப்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே சீராக.

அருணா ஏற்றாத தீபத்தைக் கீழே வைத்தாள். வட்டத்தைக் கடந்து போய், காருக்குள் கையை நீட்டி, ஆளில்லாத அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள்.