ஓநாய்க்குப் பிடித்து வைத்த பெயர்

பல்செட் செய்யும் கூடத்தில், கடைவாய்ப் பல்லை முன்வரிசையில் பொருத்திவிட்டு அடுத்ததை எடுக்கக் கை நீட்டினாள் அவள். பக்கத்து மேசையில் அச்சு வார்த்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த செட்டைப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்சா தெருவே காலியாயிடும். உன் நெனப்பு எங்க இருக்கு?"

நினைப்பு செல்போனில் இருந்தது. மெழுகை இளக்கிப் பல்லைப் பிடுங்கினாள்.

பல வருடங்களாக அவள் இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடிவந்தாள். மந்திரவாதிகளும் பறக்கும் பாம்புகளும் உலவும் உலகம். அதில் அவள் பெயர் மருந்துக்காரி. அடிபட்டவர்களைத் தேற்றுவது வேலை. அவளுக்கு முன்னால் கேடயத்தோடு போவது கிழட்டு ஓநாய். அது ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. வெளியே யார் எவர் என்று கேட்கக் கூடாது என்பது அவர்கள் குழுவின் கட்டுப்பாடு. அம்மா இறந்துபோன பிறகு கொஞ்ச காலம் அவள் சண்டைக்கே போகாமல் அந்த உலகத்தில் ஒரு பாலத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓநாயும் பக்கத்தில் வந்து உட்காரும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் எல்லோரும் ஏன் ஏன் என்று துளைத்தெடுத்த சமயம் அது.

இரண்டாம் பாகம் வருகிறது என்று பழைய உலகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். திறப்பு தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக நாளைக் காலை என்றாகியிருந்தது. இன்று மதியம் பெயர் பதிவு. ஒருவருக்கு ஒரு பெயர்தான், முந்தியவருக்கே அது; பதிந்துவிட்டால் திறப்புவரை மாற்ற முடியாது. அத்தனை பெரிய கூட்டத்தில் ஓநாயைக் கண்டுபிடிக்க அதன் பெயரைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டு வேளையில் 'மருந்துக்காரி' என்று அடித்தாள். விரல் நின்றது. ஓநாய் மறதிக்காரப் பிறவி. அது ஆடி அசைந்து வருவதற்குள் எவனாவது பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? அழித்துவிட்டு 'கிழட்டு ஓநாய்' என்று அடித்துப் பதிந்தாள். பெரிய காரியம் செய்துவிட்டது போலிருந்தது. அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிச்ச மாதிரி."

"சரி. துண்டு உன்னுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோற்று டப்பாவை மூடிவிட்டாள். ஓநாய் வந்து பார்க்கும். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கும். மருந்துக்காரியைத் தேடும், அவளும் இருக்கமாட்டாள். இருந்த ஒரே கதவையும் தானே சாத்திப் பூட்டிவிட்டாள்.

அன்று வீட்டில் அவள் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மடித்த துணியையே பிரித்து மடித்தாள்.

"யாரு அந்த ஓநாய், ஆம்பளையா பொம்பளையா?" என்றான் கணவன்.

"ஓநாய்."

"நல்லதாப் போச்சு. நான் வெறும் மனுஷன். போட்டிக்கே வரல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத ஒன்றுக்காக இப்படித் தவிப்பானேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. எதையும் விளக்கிச் சொல்லாமல் அவளால் உட்கார்ந்திருக்க முடிந்தது ஓநாயின் பக்கத்தில் மட்டும்தான்.

காலையில் கணினியில் உலகம் திறந்தது. புதுக் காடு, புது நிலா. எதையும் அவள் பார்க்கவில்லை. கை தன் பழைய பெயரைத் தேடியது. வந்தது. மருந்துக்காரி: உள்ளே இருக்கிறார்.

திருட்டுப் பயல்! ரத்தம் தலைக்கேறி அடித்தாள்: "யாரு நீ? அது என் பேரு."

பதில் உடனே வந்தது. "நீ போட்டிருக்கறது என் பேரு. முதல்ல அதைக் கழட்டு."

அவள் பதில் அடிக்குமுன் அடுத்த வரி தானாக வந்தது. "இரு, இரு. இந்தப் பேரை நான் ஒருத்திக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன். நீ யாருக்காக?"

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "மக்கு ஓநாயே" என்று மட்டும் அடித்தாள். பிறகு, யோசித்தால் கை வராது என்று, தன் போன் நம்பரை அடித்து அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. பயந்து ஓடிவிட்டதோ? எழுந்தாள், உட்கார்ந்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சமையலறையில் போன் அடித்தது. கணவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

"யாரோ ஒரு அம்மா. ஓநாய் பேசுதுன்னு சொல்லச் சொல்றாங்க."

வாங்கிக் காதில் வைத்தாள். இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. ஏன் பேசவில்லை என்று ஓநாய் கேட்கவில்லை.