வாடகைக் காரும் ஒரு முன்பல்லும்

என் தங்கையின் முன்பல் என் கைப்பையில் இருந்தது. மாத்திரை போட்டு வைக்கும் சின்ன டப்பாவில் கொஞ்சம் பால் ஊற்றி, அதற்குள் போட்டிருந்தேன். பாலில் வைத்தால் பல் டாக்டர் திரும்பப் பொருத்திவிடுவார் என்று எங்கள் பள்ளிக்கூட நர்ஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பதினேழு வருஷமாக முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, என் குரலே ஹாரன் மாதிரி ஆகிவிட்டது. கோபம் எனக்கு மூக்குக்கு மேலே நிற்கும். அதற்காக நான் வெட்கப்பட்டதும் கிடையாது. அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பூட்டும்போது தங்கையின் போன் வந்தது. "அக்கா" என்றாள். அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது. டிபனில் உப்பு இல்லை என்று அவள் புருஷன் குக்கர் மூடியால் வாயில் அடித்திருக்கிறான். அடித்துவிட்டு, மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். கழுவி வைத்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

அவன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுகிறவன். எங்கள் ஊரில் அவனுக்குத் தெரியாத டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை. ஒருமுறை இவள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியபோது, மூன்றாவது நிறுத்தத்திலேயே கண்டக்டர் இறக்கிவிட்டு, அவன் வரும்வரை காவலுக்கும் நின்றான். அன்று வாங்கிய அடியில் விலா எலும்பு விட்டுப்போனது.

அதனால்தான் அவளுக்கு நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வருஷம், பள்ளி விட்ட பிறகு, விளையாட்டு மைதானத்தில், வாத்தியார் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கி. மைதானம் சின்னது. இரண்டாவது கியருக்கு மேல் போட இடமே இருக்காது, அதற்குள் கோல் கம்பம் வந்துவிடும். அப்படியே ஓட்டிப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். அவனுக்குத் தெரியாது. தொலைவில் ஒரு தையல் கம்பெனியில் ஹாஸ்டலோடு வேலையும் பேசி வைத்திருந்தோம். அடுத்த மாதம் போவதாகத் திட்டம். பல் விழுந்ததும் இன்றே என்று ஆகிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட நான் இங்கே இருந்தாக வேண்டும், அவள்தான் தனியாக ஓட்டிப் போக வேண்டும்.

வாடகைக் கார் கடையில் கவுண்டருக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர் இருந்தார். வாடகையை நான் ரொக்கமாகக் கட்டினேன். காரைத் தையல் கம்பெனி இருக்கும் ஊர்க் கிளையிலேயே விட்டுவிடலாம் என்றார். எல்லாம் சரி. டெபாசிட் என்று வந்ததும் அவர் கையை விரித்தார்.

"டெபாசிட் ரொக்கமா வாங்க மாட்டோம் மேடம். யார் ஓட்டுறாங்களோ அவங்க பேருல கார்டு இருக்கணும்."

தங்கை போனை நீட்டினாள். அவளுடைய நிஜக் கார்டு அவன் பர்ஸில் இருக்கிறது. சம்பளம் விழுந்த அன்றே எடுத்துக்கொள்வான். இது விர்ச்சுவல் கார்டு. அட்டையே கிடையாது, போனுக்குள் எண் மட்டும்தான். தையல் வேலையில் ஓவர்டைம் பார்த்துக் கிடைத்ததை அவனுக்குத் தெரியாமல் அதில் சேர்த்திருந்தாள். அந்த பேங்க் ஆப் அவன் போனிலும் இருக்கிறது. அவன் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் கார்டை உருவாக்கி, பணம் போட்டு, ஒவ்வொரு முறையும் அவன் போனில் வந்த மெசேஜையும் இவளே அழித்திருக்கிறாள். அவ்வளவு கெட்டிக்காரி.

"இது செல்லாதும்மா," என்றார் டைக்காரர். "கார்டைக் கையில காட்டணும். மேல பேர் இருக்கணும். ரூல்ஸ்."

"சார், இவ மூஞ்சியைப் பாருங்க," என்றேன். தங்கை முகத்தில் இருந்த துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். உதடு இரண்டாகப் பிளந்து, கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. "இதுல என்ன பேர் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

 அவர் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். ஆப்பில் தெரியும் பெயரும் லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

தங்கைதான் கேட்டாள். பல் இல்லாத வாயில் வார்த்தை நழுவியது. "பணம் போகுமா சார்?"

"போகாதும்மா. பிடிச்சு வைப்போம், அவ்வளவுதான். காரை ஒழுங்கா விட்டீங்கன்னா அப்படியே ரிலீஸ் ஆயிடும்."

பணம் போகாது என்றால் மெசேஜும் போகாது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்ட கெட்டிக்காரிகள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் எண்ணைத் தட்டினார். தங்கையின் போன் 'டிங்' என்றது. டெபாசிட் தொகை பிடித்து வைக்கப்பட்டது. கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே இந்தக் கிளை இருக்கும் தெருவின் பெயர். தங்கை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். 

"அவனுக்கும் போயிருக்கும்க்கா."

பஸ் நிலையம் அங்கிருந்து பைக்கில் பத்து நிமிடம்.

"சார், சாவியைக் கொடுங்க!" என்று கத்தினேன்.

"இன்ஸ்பெக்ஷன் முடிக்காம கார் வெளிய போகாது மேடம். அப்புறம் கீறல் இருந்தா உங்க தலையிலதான் விழும்."

பின்பக்க முற்றத்தில் கார் கழுவுகிறவர் ஒரு சின்ன வெள்ளைக் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அதுதான் எங்கள் கார். தங்கையை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். டைக்காரர் படிவத்தோடு வந்து, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார். டிக்கியைத் திறந்து ஜாக்கி, வீல் ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்து டிக் போட்டார்.  "யோவ், எமன் வர்றான்யா, சீக்கிரம்!" என்றேன். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

அப்போது பைக் உள்ளே வந்தது. நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். கழுத்தில் விசில் தொங்கியது.

"கார் ஓட்டுறியாடி? எவன்டி சொல்லிக்கொடுத்தான்?"

திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான். முகத்தை ஸ்டீயரிங்கில் மோதினான். ஹாரன் அலறியது. மறுபடி மோதினான், மறுபடி அலறியது. டைக்காரர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்.

தரையில் கிடந்த வீல் ஸ்பேனர் என் கைக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் முழங்கையில் இறக்கினேன். 'ஆ' என்று கையை எடுத்தான். "கண்ணாடியை ஏத்துடி!" என்று கத்தினேன். திரும்பியவன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தோளில் அடித்தான். இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தேன். மணிக்கட்டில் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தேன். வயிற்றில் உதைத்தான்.

"அக்கான்னு மரியாதை கொடுத்தேன்ல? என் குடும்பத்தைக் கெடுக்குறியா?"

"தம்பின்னு கூப்பிட்ட என் வாயைக் கழுவணும்டா," என்றேன். வாயில் மண்ணும் ரத்தமும் இருந்தன. இன்னொரு உதை விழுந்தது.

பிறகு அவன் காரிடம் போனான். ஹெல்மெட்டால், பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியை அடித்துத் தூளாக்கினான். ஏற்றிவிட்டிருந்த ஜன்னலில் ஓங்கி அடித்தான், வலை மாதிரி விரிசல் விட்டது. கதவில் உதைத்தான், தகரம் உள்ளே போனது. உள்ளே தங்கை சாவியைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் மடியில் சொட்டியது. அடி விழப்போகிறது என்றால் அவள் எப்போதும் அப்படித்தான், அசையவே மாட்டாள். அசைந்தால் இன்னும் விழும் என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறான்.

முப்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

"கிளட்ச்சை மிதி!"

அவள் தலை திரும்பியது.

"சாவியைத் திருப்பு! ஃபர்ஸ்ட் போடு! அவனைப் பார்க்காத, கேட்டைப் பாரு!"

கார் உறுமி, ஒரு துள்ளு துள்ளி, நின்றுவிட்டது. மைதானத்தில் நூறு முறை செய்த அதே தப்பு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுவாள். அவன் சிரித்தான். ஜன்னலை உடைக்க ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்கினான்.

கார் கழுவுகிறவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. குழாயைத் திருப்பி, முழு வேகத்தில் அவன் முகத்தில் அடித்தார். மோட்டார் வைத்துப் பீய்ச்சும் தண்ணீர், காய்ந்த சேற்றையே உரித்தெடுக்கும். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு தள்ளாடினான்.

"மறுபடி! கிளட்ச்! மெதுவா விடு, மெதுவா, எம்மா, மெதுவா..."

கார் நகர்ந்தது. கேட்டை நோக்கி ஊர்ந்து, திணறி, பிறகு பிடித்துக்கொண்டது. அவன் தண்ணீரிலிருந்து விலகிப் பின்னால் ஓடினான். என்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே நல்ல கையால் ஸ்பேனரை வீசி அவன் முழங்காலில் அடித்தேன். என் மணிக்கட்டில் கேட்ட அதே சத்தம் கேட்டது. அவன் விழுந்து அலறினான். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. தவழ்ந்து போய் இன்னொரு முறை ஓங்கினேன். இந்த முறை நான் பார்த்தது அவன் தலையைத்தான்.

கழுவுகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா. கார் போயிருச்சு. இன்னொண்ணு போட்டா நீங்க உள்ள போவீங்க."

கார் போய்விட்டிருந்தது. தெருமுனையில் தவறான பக்கத்து இண்டிகேட்டர் எரிந்தது, அவள் சரியான பக்கம் திரும்பினாள். கழுவுகிறவர் அவன் முதுகில் முழங்காலை வைத்து உட்கார்ந்துகொண்டு போலீசுக்குப் போன் போட்டார்.

டைக்காரர் படிவத்தோடு என் பக்கத்தில் வந்து குந்தினார்.  "கண்ணாடி, ஜன்னல், கதவு... இதுக்கெல்லாம் டெபாசிட்ல பிடிக்கணும் மேடம்."

"இப்ப இதுவா முக்கியம்?" என்று அவரைக் கடித்துக் குதறப் பார்த்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒரு விஷயம் மண்டையில் அடித்தது. "சார், அங்க போய் காரை விட்டா டெபாசிட் ரிலீஸ் ஆகும்ல? அப்பவும் மெசேஜ் போகுமா?"

"போகும்."

"எந்த ஊர், எந்தக் கிளைன்னு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்து அலறுகிறவனைப் பார்த்தார். புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மொத்தத்தையும் இங்கேயே பிடிச்சுட்டா அங்க ரிலீஸ் பண்ண ஒண்ணும் இருக்காது மேடம். ஆனா சேதாரம் பாதித் தொகைதான் வரும். மீதி அந்தம்மா காசு."

அந்தக் காசு எனக்குத் தெரியும். பொத்தான் தைத்துத் தைத்து விரல் நுனி மரத்துப்போன காசு. ஒரு நொடி யோசித்தேன்.

"முழுசும் பிடிங்க."

அவர் உள்ளே போனார். படிவத்தில் இன்னும் என்னென்ன எழுதினாரோ தெரியாது. ரூல்ஸ் பேசிய மனுஷன். சற்று நேரத்தில், கீழே கிடந்தவனின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. இந்தக் கடை, இந்தத் தெரு. அவளைப் பற்றி அவனுக்கு வந்த கடைசிச் சேதி அதுதான்.

போலீஸ் வந்து, அவனை ஒரு வண்டியிலும் என்னை இன்னொரு வண்டியிலும் ஏற்றியது. கழுவுகிறவரும் டைக்காரரும் சாட்சி சொல்ல வந்தார்கள். ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு காய்வதற்குள் அவள் போன் வந்தது.

"எந்த ஊர்ல இருக்கேன்னு சொல்லாத," என்றேன் முதலில்.

"சொல்லல. பெட்ரோல் பங்க்ல ஓரமா நிறுத்தியிருக்கேன். உனக்கு எப்படி இருக்கு?"

"என் கை கிடக்கட்டும். உன் பல்லு எங்கிட்டயே இருக்குடி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கைப்பையில் டப்பா திறந்து, பால் கொட்டி, எல்லாம் பிசுபிசுத்துப்போயிருந்தது. அந்தப் பல் இனிமேல் ஒட்டாது. "மறந்துட்டேன். பாவி, கொடுக்க மறந்துட்டேன்."

 லாரிகள் கடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஓட்டை வாயால், காற்றும் சொல்லுமாகச் சொன்னாள்.

"அக்கா, நாலாவது கியர் போட்டேன்க்கா."